மாமியார் பார்க்காத கழுகு

திருக்கழுக்குன்றத்து மலையுச்சிக்கு உச்சிவேளையில் இரண்டு கழுகும் வந்தன, சர்க்கரைப் பொங்கலைத் தின்றன, கிண்ணத்தின் விளிம்பில் அலகைத் துடைத்துக்கொண்டு பறந்தும் போய்விட்டன. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டு படியிறங்கத் தொடங்கியது. செங்கல்பட்டு கோர்ட் குமாஸ்தா அம்பி எல்லாருக்கும் முன்னால் வேட்டியை மடித்துக் கட்டினான்.

"சுப்பிரமணி," என்றாள் அவன் மாமியார் சம்பூர்ணம். "மாப்பிள்ளை கிட்டே சொல்லு. நான் கழுகைப் பார்க்கலை."

டோலி தூக்கும் சுப்பிரமணி, மூன்றடி தள்ளி நின்ற அம்பியிடம் திரும்பினான். "சாமி, அம்மா கழுகப் பாக்கலியாம்."

சம்பூர்ணத்தின் குடும்பத்தில் மாமியார் மாப்பிள்ளையோடு நேருக்கு நேர் பேசுகிற வழக்கம் கிடையாது. கல்யாணமான நாளிலிருந்து எல்லாப் பேச்சும் மகள் பர்வதம் வழியாகத்தான் போய் வந்தது. வருஷா வருஷம் மாசியில் சம்பூர்ணம் திருச்சியிலிருந்து கழுகு தரிசனத்துக்கு வருவாள். பர்வதம் அடிவாரத்தில் அத்தை வீட்டில் இருந்துகொள்ள, அம்மா மட்டும் டோலியில் ஏறிப் போய் வருவாள். இந்த வருஷம் பர்வதம், "அம்மாவுக்கு வயசாறது, நீங்க கூடப் போங்கோ," என்று சொல்லிவிட்டாள்.

அந்த நாள்தான் வம்பு. அன்றைக்குத்தான் மகாபலிபுரம் கடற்கரையில் வருஷாந்திர விமானக் காட்சி. அம்பிக்கு விமானம் என்றால் உயிர். ஆனால் போன வருஷங்களில் காட்சி வேலை நாளில் வந்து தொலைத்தது. கோர்ட் கூரைக்கு மேல் போன இரைச்சலை மட்டும் கேட்டுவிட்டு, கேஸ் கட்டுகளுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். இந்தத் தடவை ஞாயிற்றுக்கிழமை. யார் யார் காலிலோ விழுந்து முன்வரிசைக்கு ஒரு பாஸும் வாங்கிச் சட்டைப்பையில் வைத்திருந்தான்.

"அம்மாவைக் கொண்டுவந்து விட்டுட்டு எங்கே வேணா போங்கோ," என்றிருந்தாள் பர்வதம். "அவ காதிலே மட்டும் விமானம்னு விழப்படாது. மாப்பிள்ளைக்கு இன்னும் விளையாட்டுப் புத்தின்னு நினைச்சுப்பா."

இப்போது அந்த மாமியார் பாறை மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"கண்ணெதிரேதானே வந்துட்டுப் போச்சு?" என்றான் அம்பி.

"கண்ணு எதிருலதான் வந்துச்சாம்மா."

"அப்போ நான் கண்ணாடியைத் துடைச்சுண்டிருந்தேன்னு சொல்லு."

"நாளைக்கு வரலாமே."

"நாளைக்கு எனக்கு ரயில்னு சொல்லு."

அம்பி வானத்தைத் துழாவினான். தூரத்தில் ஏதோ ஒரு பறவை வட்டமிட்டது. "அதோ திரும்பி வரது. நன்னா சேவிச்சுக்கச் சொல்லு."

சம்பூர்ணம் ஒரு பார்வைதான் பார்த்தாள். "அது கருடன். செம்பட்டை றெக்கை தெரியறது. கழுகுன்னா வெள்ளையா இருக்கும்னு சொல்லு," என்று கருடனுக்கும் ஒரு முறை கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அம்பி அத்தோடு விட்டிருக்கலாம். "சில நாள் கழுகு இன்னொரு தரமும் வருமாம், சுப்பிரமணி. ஆனா மேற்குப் பக்கமா, படி இறங்கற வழியிலே," என்று அளந்தான்.

"மறுபடி வருமா? அப்போ இருந்து பார்த்துட்டே போறேன். வந்தது கிழக்கேருந்துதானே, மறுபடியும் கிழக்கேதான் வரும்னு சொல்லு."

கடலைப் பார்த்த பெரிய பாறைக்கு அவளே எழுந்து போனாள். பையிலிருந்து பாய் வந்தது, குடை வந்தது, விசிறி வந்தது, கூஜாவும் ஒரு டப்பா தட்டையும் வந்தன. ஒரு கழுகைப் பார்க்க இத்தனை சாமானா என்று அம்பி திகைத்தான். பக்தி முற்றினால் இப்படித்தான் போலிருக்கிறது என்று தேற்றிக்கொண்டான்.

கடைசி அஸ்திரத்தை எடுத்தான். "எனக்குக் கோர்ட்டிலே அவசர வேலை. டோலிக்காரா பத்திரமா இறக்கி விட்டுடுவான்னு சொல்லு."

"ஞாயிற்றுக்கிழமை எந்தக் கோர்ட் திறந்திருக்கும்னு கேளு."

சுப்பிரமணி கேட்கவில்லை. அம்பியின் முகத்தைப் பார்த்துவிட்டு, "குந்துங்க சாமி," என்று பாயில் இடம் காட்டினான்.

கீழே மகாபலிபுரம் பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு கிளம்பிப் போனது. அம்பிக்கு அழுகை முட்டியது. இனி அடுத்த மாசி எந்தக் கிழமையில் வருமோ.

தட்டை டப்பா பாதி காலியானபோது கடல் பக்கம் ஒரு முனகல் கேட்டது.

முதலில் நாலு புள்ளிகள். அவை வளர்ந்து, ஒரு கையின் நாலு விரல்கள் மாதிரி ஒட்டியபடி மலையை நோக்கி வந்து, பாறைக்குக் கீழே, ஆமாம், கீழேயே, வளைந்து திரும்பின. விமானத்தின் முதுகை அம்பி அன்றைக்குத்தான் பார்த்தான். றெக்கையில் வெயில் வழுக்கிக்கொண்டு போனது. முன்வரிசைக்காரர்கள் மணலில் கழுத்து வலிக்க அண்ணாந்துகொண்டிருப்பார்கள். இங்கே காட்சி மடிக்கே வந்திருந்தது.

ஒன்று மட்டும் பிரிந்து செங்குத்தாக ஏறியது. ஏறி ஏறி, உச்சியில் சத்தம் அடங்கி, ஒரு கணம் நின்றது. பிறகு உதிர்ந்த இலையாகச் சுழன்று விழுந்தது. கடலைத் தொடப்போகும் நேரத்தில் அது சமாளித்துக்கொண்டு, தலைகீழாகவே கரையோரம் பறந்தது. என்ன கை, என்ன நெஞ்சுரம் என்று அவனுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"நாலாவது கொஞ்சம் பின்தங்கறது," என்றது பக்கத்தில் ஒரு குரல்.

"இல்லை, வேணும்னுதான். அடுத்து அது குறுக்கே போகும், பாருங்கோ."

"போயிடுத்து. ஓட்டறவன் தலைகூடத் தெரியறது. இந்தப் பக்கம் திரும்பறான்."

"கை ஆட்டுங்கோ, மாமி."

இருவரும் கையாட்டினார்கள். விமானங்கள் கடல் பக்கம் கரைந்த பிறகுதான், தாங்கள் இத்தனை நேரம் நேருக்கு நேர் பேசிக்கொண்டிருந்தது உறைத்தது. சம்பூர்ணம் அவசரமாகத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"சுப்பிரமணி, கழுகு இனிமே வராதுன்னு மாப்பிள்ளை கிட்டே சொல்லு. இறங்கலாம்."

படியிறங்கும்போது அம்பிக்கு மனசு உறுத்தியது. ஆசைப்பட்டதைத் தான் பார்த்துவிட்டான். இத்தனை தூரம் வந்த மனுஷிக்குத்தான் கழுகு கிடைக்கவில்லை. அடிவாரத்தில் டோலியை இறக்கியதும், சம்பூர்ணம் அத்தை வீட்டுக்குள் போகும்வரை காத்திருந்து சுப்பிரமணியை ஒதுக்கமாக அழைத்தான்.

"அம்மா கழுகைப் பார்க்கலைன்னு பர்வதத்துக்கிட்டே உளறிடாதே. பாவம், வருத்தப்படுவா."

சுப்பிரமணி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

"இன்னா சாமி நீ, மூணு வருசமா ஏரோப்பிளேன் வர்ற அன்னிக்குத்தான் அம்மாவ அந்தப் பாறைக்குத் தூக்கினு போறேன், ஒரு வருசங்கூட அவங்க கழுகப் பாத்தது கெடியாது."