கிருபா நெஞ்சுல கருப்பு ஓட்டை

சிட்லபாக்கம்,
14.8.1999

எங்க வீட்டுக்காக எங்களைவிட அதிகமா முழங்கால் போட்டு ஜெபிக்கிற எட்மண்ட் மாமாவுக்கு தனசிங் எழுதுறது. ஆண்டவர் புண்ணியத்துல இங்க சுகம், மாமி சுகத்துக்கு பதில் போடவும்.

தங்கச்சி கிருபாவுக்காக உங்க சபையில ஆள் மாத்தி ஆள் சங்கிலி ஜெபம் நடக்குதுன்னு அம்மா சொன்னாங்க. நிறுத்திடலாம் மாமா. லீவு போட்டு மதுரைலேர்ந்து வரவும் வேணாம். ஏன்னு சொல்றேன்.

தங்கச்சிக்கு கையில பிரஷர் ஏகத்துக்கு இருக்கு, காலுல நாடி தேடினா கிடைக்கல. டாக்டர் வேதசிரோமணி, "இதயத்துலேர்ந்து கீழ போற பெரிய ரத்தக்குழாய் பிறக்கும்போதே சுருங்கியிருக்கலாம், இருந்தா ஆபரேஷன், எக்கோ ஸ்கேன்ல அந்த இடம் சரியா தெரியல, எம்.ஆர்.ஐ. எடுத்துட்டு வாங்க"ன்னாரு. அவ்ளோதான், எனக்கு தூக்கம் போச்சு, பயத்துல இல்ல மாமா, ஆர்வத்துல! நேரா வெஸ்ட் தாம்பரம் பிரவுசிங் சென்டர். ஒரு இதயப் படம் மேலேர்ந்து கீழ இறங்குறதுக்குள்ள டீ குடிச்சிட்டு வந்துடலாம், ஆனா என்னா படம்! எக்ஸ்ரே இல்ல, கத்தி இல்ல, வெறும் காந்தம். உடம்புல இருக்குற தண்ணிய காந்தம் அட்டென்ஷன்ல நிக்க வெக்குமாம், ரேடியோ அலையால ஒரு தட்டு தட்டினா அது பதில் குடுக்குமாம், அந்த பதில்தான் படமாம். இதயம் ஆடிக்கிட்டே இருக்கே, படம் ஆடாதான்னு கேப்பீங்க. நானும் அதத்தான் தேடினேன். ஒவ்வொரு துடிப்புலயும் ஒரே கட்டத்துல புடிச்சுப் புடிச்சு எடுக்குமாம். எப்படி மாமா இதெல்லாம் யோசிச்சாங்க?

ஸ்கேன் அன்னிக்கு டெக்னீஷியன் கம்மல், கொலுசு, ஹேர்பின் எல்லாம் கழட்டச் சொல்லி ஒரு கவுன் குடுத்தாரு. முன்னாடி நாடா மட்டும்தான். அம்மா, "இது இன்னா சட்டை, ஊரே பாக்குது"ன்னாங்க. கிருபா, "உள்ள யாரும் இல்லம்மா, மெஷின்தான்"னா. "மெஷினுக்கு கண்ணு இல்லாமயா படம் புடிக்குது?"ன்னு அம்மா தாலிச் செயின்ல தொங்குற ஊக்கு ஒண்ணக் கழட்டி நெஞ்சுகிட்ட மடிப்புக்குள்ள குத்திட்டாங்க. நான் வெயிட்டிங் ஹால்ல ஒரு பெரியவருக்கு காந்தத்தப் பத்தி லெக்சர் குடுத்துட்டு இருந்தேன், பாக்கல. உள்ள டம்டம்னு கல்யாண மண்டப ஜெனரேட்டர் மாதிரி சத்தம், வெளிய கம்ப்யூட்டர்ல எங்க கண்ணு முன்னாடி முதல் படம் வந்துச்சு, டெக்னீஷியன் எழுந்து நின்னுட்டாரு. "ஹார்ட்டையே காணோம்!" அந்த இடத்துல பெரிய கருப்பு ஓட்டை. அம்மா ஓன்னு அழ, நான் பிரவுசிங்ல பாத்த எந்த வியாதியிலயும் இது இல்லையே, உலகத்துலயே புதுசு நம்ம குடும்பத்துலதானான்னு யோசிக்க, மைக்ல கிருபா குரல்: "அண்ணா, என் சட்டைய யாரோ இழுக்குறாங்க!" அவளை வெளிய இழுத்தா ஊக்கு. இரும்பு பக்கத்துல இருந்தா அந்த இடத்துல படமே விழாம கருப்பாயிடுமாம். டெக்னீஷியன் அம்மாவ ஒரு பார்வை பாத்தாரு. "பித்தளைன்னுதான் தம்பி கடைக்காரன் சொன்னான்"றாங்க!

ரெண்டாவது தடவை ஒழுங்கா வந்துச்சு. டாக்டர் திங்கக்கிழமைதான் பாப்பாராம், நான் ஒரு படத்த ஜன்னல் வெளிச்சத்துல புடிச்சு இப்பவே பாத்துட்டேன். ரத்தக்குழாய் வாக்கிங் ஸ்டிக் கைப்பிடி மாதிரி வளைஞ்சு, கீழ வரைக்கும் ஒரே அகலம். சுருக்கமே இல்ல! அம்மாகிட்ட சொன்னேன், பக்கத்து வீட்டு அபிதகுஜாம்பாள் மாமிகிட்டயும் சொன்னேன், அவங்க பாயசமே வெச்சுட்டாங்க. ஆபரேஷன் இல்ல மாமா, நிம்மதியா இருங்க.

மாமிக்கு ஸ்தோத்திரம், பாப்பா கன்னத்துல என் பேர் சொல்லி ஒரு கிள்ளு.

உங்க மருமவன்,
தனசிங்

பி.கு.: கவர் ஒட்ட மறந்து திங்கக்கிழமை ஆயிடுச்சு. டாக்டர் பாத்துட்டாரு. "தம்பி, இது பிரெட் ஸ்லைஸ் மாதிரி, நீ ஒரு ஸ்லைஸ்தான் பாத்திருக்க"ன்னு பக்கத்து படத்தக் காட்டினாரு. அங்க, ரெண்டு விரலால அழுத்திப் புடிச்ச மாதிரி, அவ்ளோ தெளிவா சுருங்கியிருக்கு. இடம் தெரிஞ்சதால சரி பண்ணிடலாம்றாரு. வர்ற வாரம் ஆபரேஷன். கிருபாதான், "அப்போ இவ்ளோ நாளு ரத்தம் எப்படி டாக்டர் கீழ போச்சு?"ன்னு கேட்டா. சின்னச் சின்ன குழாய் பெருசாகி சந்து வழியா கொண்டு போயிருக்காம். அது நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. மேல எழுதினத அடிச்சிட்டுப் படிங்க. ஜெபத்த நிறுத்தாதீங்க. கிளம்பி வாங்க மாமா.