அத்தான் அனுப்பிய கையுறை

மதிப்பும் மரியாதையும் நிறைந்த அத்தான் அவர்களுக்கு, உங்கள் கொழுந்தியாள் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், என் வீட்டுக்காரர், பிள்ளைகள் எல்லோரும் சுகம். அங்கே நீங்களும் அக்காவும், உங்கள் குதிகால் வலியும் சுகமா என்று அறிய ஆவல்.

நிற்க, இன்னைக்கு நான் நிம்மதியா உட்கார்ந்து எழுதுறேன். போன வாரம் எழுதியிருந்தா பாதி எழுத்து கண்ணீர்ல கரைஞ்சிருக்கும். எல்லாம் நீங்க பாசத்தோட அனுப்பின ரப்பர் கையுறையால வந்தது. "கொழுந்தியா கை பூப்போல இருக்கணும்"னு எழுதியிருந்தீங்களே, அதை நம்பி மாட்டிகிட்டு வேலைக்குப் போனேன். எங்க பட்டறையில ஷூவுக்குள்ள வைக்கிற மெத்தை செய்யறது உங்களுக்குத் தெரியும். ரெண்டு டப்பா சிலிக்கான் பாகைக் கலந்து, அச்சுல ஊத்தி, மேலே விரலால தடவிச் சமமாக்கி ஓவன்ல வச்சா ரப்பரா இறுகி வரணும். கலக்குற மேசை என்னோடது. அந்த மேசைக்கு வர்றதுக்கு நான் எத்தனை காலம் பெருக்குமாறு பிடிச்சேன்னு அக்காவைக் கேளுங்க. கையுறை போட்ட நாள்லேருந்து தட்டு தட்டா வருது, அடியில ரப்பர், மேலே மட்டும் சளி பிடிச்ச குழந்தை மூக்கு மாதிரி பிசுபிசுன்னு. சூட்டைக் கூட்டினேன், புது டப்பா திறந்தேன், ஒண்ணும் நடக்கலை. முதலாளி வந்து ஒரு மெத்தையைத் தொட்டார், அது அவர் கையோடவே கிளம்பிருச்சு, உதறினாலும் விடலை. "என்னம்மா, ஷூவுக்கு மெத்தை செய்யறியா, எலி பிடிக்கிறியா"ன்னார். "நாளையிலேருந்து நீ பெருக்கப் போ, நானே கலக்கிக் காட்டறேன்"னுட்டார்.

மறுநாள் சட்டைக் கையை மடிச்சுவிட்டு வெறுங்கையால கலக்கி ஊத்தினார். தட்டு வெளியே வந்தது, கன்னம் மாதிரி அவ்வளவு அழகு. என் முகத்துல ஈயாடலை. அப்பவும் இந்த வாய் சும்மா இருக்குமா, "முதலாளி கை எவ்வளவு மெத்துன்னு இருக்கு, கெட்டுப்போயிடும், இதைப் போட்டுக்கோங்க"ன்னு உங்க கையுறையை நீட்டினேன். மனுசன் வீம்புக்கு மாட்டிகிட்டு அடுத்த தட்டை ஊத்தித் தடவினார். வந்தது பாருங்க, அதே மூக்கு. "எத்தனை எலி மாட்டுச்சு முதலாளி"ன்னு கேட்டேன். அவர் கையுறையைப் பார்த்தார், நானும் பார்த்தேன். பாகு விக்கிறவருக்குப் போன் போட்டார். அந்த ஆள் சிரிச்சது எனக்கே கேட்டுச்சு. "அந்த ரப்பர்ல கந்தகம் இருக்குங்க, அது பட்ட இடத்துல எங்க சிலிக்கான் இறுகவே இறுகாது"ன்னார். எனக்கு வயித்துல பாலை வார்த்த மாதிரி இருந்துச்சு. பெருக்குமாறு மூலைக்குப் போச்சு, நான் என் மேசைக்கு வந்துட்டேன். கையுறை யார் கொடுத்ததுன்னு முதலாளி கேட்டார், உங்க மானம் போகக் கூடாதேன்னு கடையில வாங்கினேன்னு சொல்லிட்டேன்.

அவரோட ரெண்டாவது தட்டுலேருந்து ஒரு ஜோடியைப் பேப்பர்ல சுத்தி வச்சிருக்கேன், இனி என்னை அதட்டினா எடுத்துக் காட்ட. நல்ல தட்டுலேருந்து ஒரு ஜோடியை உங்க குதிகாலுக்குன்னு கேட்டு வாங்கி, நேத்தே என் பெரியவன் கையில கொடுத்தனுப்பிட்டேன். இந்தக் கடிதத்துக்கு முன்னாலேயே வந்திருக்கும். தைரியமா ஷூவுக்குள்ள போட்டு நடங்க.

அக்காவுக்கு என் அன்பு. இனிமே பாசம் பொங்கினா சோப்பு வாங்கி அனுப்புங்க. நீங்கள் ரெண்டு பேரும் வலியில்லாத காலோடு நெடுங்காலம் நடக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் கொழுந்தியாள்

பி.கு: உறையை ஒட்டுறப்போ என் பையைப் பார்த்தா நல்ல ஜோடி இங்கேயே இருக்கு. உங்களுக்கு வந்திருக்கிறது முதலாளியோட எலிப்பொறி. இன்னும் போடலைன்னா போடாதீங்க. போட்டுட்டீங்கன்னா காலை இழுக்காதீங்க, ஷூவோடவே படுத்துக்கோங்க, ஞாயித்துக்கிழமை நானே வர்றேன். அக்கா திட்டினா, கையுறை வாங்கினது யாருன்னு நினைச்சுகிட்டு பேசாம இருங்க.