ஸ்டியரிங்கில் கொஞ்சம் விளையாட்டு

பழங்கார்க்காரர் என்று ஓர் இனம் உண்டு. உங்களுக்குத் தெரியாமல் இருக்க முடியாது; தெரியாவிட்டாலும் அவர் விடமாட்டார். வாய் சும்மா இராமல் ஒரே ஒரு முறை, "இது எந்த வருஷத்து வண்டி?" என்று கேட்டுப் பாருங்கள். போச்சு. அந்தக் காலத்துத் தகட்டின் கனத்தில் ஆரம்பித்து, இந்தக் காலத்துத் தகட்டின் மெலிவுக்கு வந்து, பானெட்டைத் தட்டிக் காட்டி, உங்களையும் தட்டச் சொல்லி, கதவைச் சாத்தி அந்தச் சத்தத்தைக் கேட்கச் சொல்லி, சரியாகக் கேட்கவில்லையோ என்று மறுபடியும் சாத்தி, நீங்கள் பால் வாங்கப் புறப்பட்ட கடை மூடுகிற நேரத்துக்கு உங்களை விடுதலை செய்வார்.

இந்த இனத்தில் துடைப்பவர், பூட்டி வைப்பவர், படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புபவர் என்று பல கிளைகள். இவர்களால் பெரிய கெடுதல் இல்லை. நான் சொல்லவந்தது ஓட்டுபவரைப் பற்றி. எங்கள் எதிர்வீட்டில் ஒருவர் இருக்கிறார். காருக்கு அவரைவிட இரண்டு வயது அதிகம். காரை 'அவ' என்பார், 'என் செல்லம்' என்பார். மனைவியைக் கூப்பிட அவரிடம் 'இந்தாம்மா' ஒன்றுதான் உண்டு.

அந்தக் காரின் ஸ்டியரிங்கைக் கால் சுற்று திருப்பினால் ஒன்றும் நடக்காது. சக்கரங்கள் கொஞ்சம் யோசிக்கும். அதற்கு மேலும் திருப்பினால்தான், சரி, இவ்வளவு கேட்கிறாரே என்று திரும்பும். அதனால் நேரான சாலையில் நேராகப் போவதற்கே அவர் இடதும் வலதுமாகத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். எதிரே வருகிறவர்கள் இவர் யாருக்கோ கையாட்டுகிறார் என்று நினைத்து, பதிலுக்குக் கையாட்டிவிட்டுப் போவார்கள்.

பட்டறையில் இந்த ஆட்டத்துக்கு 'ப்ளே' என்று பெயர். "ஸ்டியரிங்ல கொஞ்சம் ப்ளே இருக்கு" என்பார் நம்மவர். பெரிய மனிதர்கள் "எனக்குக் கொஞ்சம் சுகர் இருக்கு" என்று சொல்லிக்கொள்வார்களே, அதே தோரணை. ஒருநாள் அவர் மனைவி, "ப்ளேன்னா விளையாட்டுதானே? விளையாட்டு வினையாகும்னு சொல்லுவாங்க" என்றார். விட்டாரா? எந்தப் பழைய வண்டியிலும் ப்ளே இருக்கும், அது இல்லாவிட்டால் வண்டிக்கு உயிரே இல்லை என்று முக்கால் மணி நேரம் விளக்கிவிட்டு, கடைசியில் அந்த இனத்தின் மந்திரத்தைச் சொல்லி முடித்தார்: "அது அப்படித்தான்." வைப்பர் ஓட வேண்டுமென்றால் டாஷ்போர்டில் ஒரு குத்து விட வேண்டும். பின்கதவை வெளியிலிருந்துதான் திறக்க முடியும். ஏன் என்று கேட்டால், அது அப்படித்தான்.

சரிசெய்யவே மாட்டாரா என்று கேட்காதீர்கள். ஒவ்வொரு ஞாயிறும் சரிசெய்துகொண்டுதான் இருந்தார், மூன்று வருஷமாக. காலையில் ஒரு பழைய பாயைக் காருக்கடியில் விரித்து உள்ளே போவார். இரண்டு பாதங்கள் மட்டும் வெளியே தெரியும். சாப்பிடக் கூப்பிட வேண்டுமானால் அவர் மனைவி அந்தப் பாதங்களைப் பார்த்துத்தான் பேச வேண்டும். ஸ்டியரிங் தண்டு போய்ச் சேருகிற ஸ்டியரிங் பாக்ஸின் தலையில் ஒரு திருகு உண்டு. அதைக் கொஞ்சம் முறுக்குவார். வெளியே வந்து தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "இப்பப் பாருங்க, வெண்ணெய்" என்பார். புதன்கிழமை வெண்ணெய் உருகிவிடும். அடுத்த ஞாயிறு இன்னும் கொஞ்சம் முறுக்குவார். ஒருமுறை முறுக்கிய முறுக்கில், திருப்பிய ஸ்டியரிங் திரும்பி வரவே இல்லை. கார் நேரே தையல் கடைக்குள் போகப் பார்த்தது. அளவு கொடுத்துக்கொண்டிருந்த ஒருவர் தோளில் நாடாவோடு ஓடினார். அடுத்த ஞாயிறு நம்மவர் திருகைத் தளர்த்தினார்.

தெருக்கோடியில் ஒரு மெக்கானிக் இருக்கிறார். ஒருமுறை பார்க்கட்டுமா என்று அவரே பல தடவை கேட்டதுண்டு. வேற்றுக் கை பட்டால் அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள் என்று நம்மவர் மறுத்துவிடுவார்.

இப்படியே போயிருக்கும். ஆனால் மகளுக்கு வெளியூரில் வேலை கிடைத்தது. நான்கு மணி நேரப் பயணம். முதல் வேலைக்கு உன்னை இந்தக் காரில்தான் கொண்டுபோய் விடுவேன் என்று அவள் எழுத்துக்கூட்டிப் படித்த காலத்திலிருந்தே சொல்லி வைத்திருந்தார். அவருக்கு இருந்த பெரிய ஆசையே அதுதான் என்று நினைக்கிறேன். அம்மா ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார், ஸ்டியரிங் சரியாகாமல் பெண்ணை அந்த வண்டியில் ஏற்ற மாட்டேன், அவள் பஸ்ஸில் போகட்டும் என்று. அம்மா சொன்னதை அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. பழக்கமானதுதானே. மகளைக் கூப்பிட்டு, "நீ சொல்லும்மா" என்றார்.

"எனக்கும் உங்ககூட வரத்தான்பா ஆசை. ஆனா பயமாயிருக்கு."

அன்று முழுக்க அவர் யாரோடும் பேசவில்லை. என்னோடுகூடப் பேசவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். உண்மையிலேயே வலித்திருக்கிறது. எனக்கும் பாவமாகத்தான் இருந்தது, ஒரு பத்து நிமிஷம்.

மறுநாள் அவரே போய் மெக்கானிக்கை அழைத்துவந்தார். மெக்கானிக் காரைச் சுற்றிக்கூட வரவில்லை. ஒரு கேள்வி கேட்டார்.

"ஸ்டியரிங்கை ஆட்டிப் பாத்தீங்களா சார்?"

"தினம் ஆட்டுறேனே."

"நீங்க ஆட்டும்போது கீழ யார் பாத்தா?"

விஷயம் இவ்வளவுதான்: ஸ்டியரிங் எங்கே ஆடுகிறது என்று கண்டுபிடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே உட்கார்ந்து மெதுவாக ஆட்ட வேண்டும். ஒருவர் கீழே படுத்து, எந்த மூட்டு அசைவை வாங்கி அடுத்ததற்குக் கொடுக்காமல் தானே வைத்துக்கொள்கிறது என்று பார்க்க வேண்டும். இது பட்டறையில் முதல் நாள் பாடம். நம்மவருக்கும் தெரியாததல்ல. ஆனால் அதற்கு அவருடைய இருக்கையில் இன்னொருவரை உட்காரவைக்க வேண்டுமே! மூன்று வருஷமாக மேலே அவரே ஆட்டி, இறங்கி, கீழே அவரே படுத்து, ஆடாத ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

மெக்கானிக் மகளை ஏறி உட்காரச் சொன்னார். அவள் ஆட்டினாள். இரண்டே நிமிஷம்.

"பாக்ஸ் நல்லாத்தான் இருக்கு சார். இந்தப் பக்கம் ஒரு கை இருக்கு பாருங்க, அதுக்குள்ள புஷ்னு ஒரு சின்ன வளையம், அது பொடியாப் போயிருக்கு. மூணு வருஷமா நல்லா இருக்கறவனுக்கு வைத்தியம் பாத்திருக்கீங்க."

சாயங்காலத்துக்குள் புது புஷ் போட்டு, பாவப்பட்ட அந்தத் திருகையும் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். ஒரு விரற்கடை திருப்பினால் போதும், சக்கரம் சொன்னபடி கேட்டது. நம்மவர் ஏறினார். வீட்டார் வாசலில் நிற்க, நான் என் ஜன்னலில் நிற்க, தெருவில் ஒரு சுற்றுப் போய்விட்டுக் கம்பீரமாகக் கேட்டுக்குள் நுழைய வந்தார். தெருச் சுற்றில் நிதானமாகத்தான் ஓட்டினார். வீட்டைப் பார்த்ததும் பழக்கம் வந்துவிட்டது. எப்போதும் திருப்புகிற கால் சுற்றை முதலில் திருப்பினார். இந்தத் தடவை சக்கரங்கள் யோசிக்கவில்லை. கார் நேராகக் கேட் தூணில் போய் முட்டியது. காருக்கு ஒன்றும் ஆகவில்லை. கனமான தகடு. தூண்தான் சாய்ந்தது.

இறங்கி வந்து என்ன சொன்னார் தெரியுமா?

"ரொம்ப டைட் பண்ணிட்டீங்க. கொஞ்சம் ப்ளே வைங்க."

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே அவரைப் பார்த்தார். "வண்டில இருந்த ப்ளேயை எடுத்துட்டேன் சார். உங்க கைல இருக்கறதுக்கு எங்கிட்ட பார்ட்ஸ் இல்ல."

மறுநாள் காலை மகள் அந்தக் காரில்தான் போனாள். ஓட்டியது அவள். டிரைவிங் ஸ்கூலில் கற்று லைசென்ஸ் வாங்கியது வீட்டில் அவருக்கு மட்டும் தெரியாதாம். தெரிந்தால் கற்றுக்கொடுக்க வந்துவிடுவார் என்று சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். மனைவி பின்னால் ஏறிக்கொள்ள, அவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். நான்கு மணி நேரமும் முழங்காலின் மேல் கையை வைத்து இல்லாத ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டே போனாராம். திரும்பும்போது வேறு வழியில்லை, அவரே ஓட்டினார். மனைவி பஸ்ஸில் வந்தார். காருக்கு அரை மணி நேரம் முன்னால் வீடு வந்து சேர்ந்தார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்களிடம் பழைய கார் இல்லை. இருக்கட்டும். இந்த இனத்துக்குக் கார் கட்டாயம் என்று நான் எங்காவது சொன்னேனா? உங்கள் பிள்ளைகள் ஒரு விஷயத்தை உங்களிடம் சொல்வதற்கு முன் அம்மாவிடம் போய், "இப்பச் சொல்லலாமா, சாப்பிட்டப்புறமா?" என்று கேட்கிறார்களா? நாலு மணிக்குக் கிளம்ப வேண்டுமானால் உங்களிடம் மட்டும் மூன்று மணி என்று சொல்லிவைக்கிறார்களா? தெரியாவிட்டால் இன்றைக்கே எல்லோரையும் உட்காரவைத்துக் கேளுங்கள். அவர்கள் பதில் சொல்லாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டால், மேற்கொண்டு ஒன்றும் பேசாமல் எழுந்து, உங்கள் நாற்காலியில் வேறு யாரையாவது கொஞ்ச நேரம் உட்காரச் சொல்லுங்கள்; எங்கே ஆடுகிறது என்று நீங்கள் கீழேயிருந்து பாருங்கள்.