பதிமூன்றாவது இன்னிங்ஸில் நழுவிய பந்து

எமில் ஹுடாக் மெத்தைத் தொழிற்சாலைக்குள் நுழைந்தபோது மணி எட்டே முக்கால். வேலை தொடங்குவது ஏழு மணிக்கு. அந்த ஏப்ரலில் இது மூன்றாவது தடவை. ஏப்ரல் பிறந்தே பதினாலு நாள்தான் ஆகியிருந்தது.

மேற்பார்வையாளர் க்ரேன், வருகை அட்டையில் நேரம் குத்தும் இயந்திரத்தின் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

"இன்னொரு தடவை லேட்டா வந்தா ஒரு வாரம் வீட்லயே கிடன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க சார்."

"அப்புறம்?"

உண்மைக் காரணம் சொல்லும்படியாக இல்லை. நகரத்து பேஸ்பால் அணி கலிபோர்னியாவுக்கு ஆடப் போயிருந்தது. அங்கே சாயங்காலம் தொடங்குகிற ஆட்டம், இங்கே க்ளீவ்லாந்தில் ரேடியோவில் வரும்போது ராத்திரி பத்தரை. எமில் பத்து மணிக்கே ரேடியோ பக்கத்தில் சோபாவில் சாய்ந்தான். கண்ணை விழித்தபோது விடிந்து வெகுநேரமாகியிருந்தது. மனைவி எப்போதோ ரேடியோவை அணைத்துவிட்டுத் தூங்கப் போயிருந்தாள். அலாரம் வைக்க மறந்துபோயிருந்தது.

தூங்கிவிட்டேன் என்று சொன்னால் ஒரு வாரக் கூலி போகும். எமிலின் பார்வை க்ரேனின் மேஜைமேல் கிடந்த காலைப் பேப்பரில் விழுந்தது. மேற்கே நடந்த ஆட்டத்தின் முடிவு அச்சுக்குப் போகும்வரை கிடைக்கவில்லை என்று ஓரத்தில் இரண்டு வரி போட்டிருந்தார்கள்.

"மேட்ச் கேட்டேன் சார். அது பாட்டுக்கு இழுத்துக்கிட்டே போச்சு. பதிமூணு இன்னிங்ஸ்."

சொன்ன பிறகுதான் எமிலுக்கு உறைத்தது. ஒன்பது இன்னிங்ஸில் முடிகிற ஆட்டம், சமமாக நின்றால்தான் அதற்கு மேல் நீளும். அப்படியே முடிந்திருந்தால் மாட்டிக்கொள்வான்.

க்ரேன் முகம் மலர்ந்தது. "பதிமூணா? அடப்பாவி, பத்தாவது வரைக்கும் நானும் கேட்டேன்பா. வீட்டுக்காரி கத்த ஆரம்பிச்சா, அணைச்சுட்டேன். கடைசியில யார் ஜெயிச்சா?"

எமில் மூச்சுவிட்டான். குருட்டாம்போக்கில் சொன்னது பலித்துவிட்டதே! சீசன் தொடங்கி ஏழு ஆட்டம், அதில் ஆறு தோல்வி. இதற்கு யோசிக்க வேண்டியதே இல்லை.

"தோத்துட்டோம் சார்."

"எப்படி?"

"நம்ம சின்னப் பையன் வடாஷ் பந்தை விட்டுட்டான். கைக்கு நேரா வந்த பந்து."

க்ரேன் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் எமிலின் அட்டையில் ஏழு மணி என்று அவர் கையாலேயே எழுதினார். "ரசிகன்னா நீதான்யா. போ, வேலையப் பாரு."

விஷயம் அதோடு முடிந்திருக்கலாம். க்ரேன் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மற்ற பத்துப் பேருக்கும் அதைச் சொன்னார்.

சாப்பாட்டு மேஜையில் ஏற்கெனவே சூடு பறந்துகொண்டிருந்தது. ஏழு ஆட்டத்திலேயே சீசனுக்குக் கருமாதி செய்துவிட்டவர்கள் ஒரு பக்கம், இன்னும் நூற்றைம்பத்தைந்து ஆட்டம் இருக்கிறது என்கிறவர்கள் இன்னொரு பக்கம். ஸ்பிரிங் கட்டுகிற லாஸ்லோ கையிலிருந்த சாசேஜ் ரொட்டியைக் கீழே வைத்தான். இருபத்திரண்டு வயது திபோர் வடாஷ் அவன் தெருக்காரன். ஹங்கேரியர் தெருவிலிருந்து பெரிய அணிக்குப் போன முதல் ஆள்.

"யாருய்யா சொன்னது, திபோர் பந்தை விட்டான்னு?"

"எமில்தான். முழுசா கேட்டிருக்கான்," என்றார் க்ரேன்.

"நானும்தான் முழுசா கேட்டேன்! அந்தப் பந்து தரையில பட்டுத் தாறுமாறாக் குதிச்சுச்சு. கடவுளே வந்தாலும் பிடிச்சிருக்க முடியாது."

எமில் கையில் காபிக் கோப்பை அப்படியே நின்றது. அவனாகக் கட்டிவிட்ட பந்து உண்மையிலேயே வடாஷிடம் போயிருக்கிறது! ஆனாலும் லாஸ்லோவின் கண்கள் சிவப்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"அவன்மேல முழுத் தப்பும் இல்ல லாஸ்லோ," என்றான் சமாதானமாக. "ரோலின்ஸ் குறுக்கே ஓடி வந்து மோதினான் இல்ல, அதான்."

ரோலின்ஸ் பந்து வீசுகிறவன். அணியிலேயே உருப்படியான ஆள் அவன் ஒருவன்தான் என்பது ஓட்டிஸின் கட்சி. பஞ்சு அடைக்கும் பிரிவில் வேலை பார்க்கும் ஓட்டிஸ், ஆறடி மூன்று அங்குலம், மெதுவாக எழுந்தான்.

"ரோலின்ஸா? பதிமூணு இன்னிங்ஸ் தோள் கழண்டு போற மாதிரி வீசினவன்மேலயா பழி போடுற?"

"அப்படிச் சொல்லலப்பா..."

"எம் பொண்டாட்டியும் நானும் ஒக்காந்து கேட்டோம். அவன் ஓடி வந்ததே கூப்பிட்டதாலதான். யாரோ கூப்பிட்டாங்க."

"திபோர் கூப்பிடல!" என்று லாஸ்லோவும் எழுந்தான்.

இரண்டு பேருக்கும் நடுவே ஒரு மேஜைதான் இருந்தது. பத்து வருஷமாக ஒரே காரில் வேலைக்கு வருகிறவர்கள். எமிலுக்கு வேறு வழி தோன்றவில்லை.

"கூப்பிட்டது டீம் மேனேஜர்!" என்று கத்தினான். "ஹாலோரன் வெளியிலேருந்து ரோலின்ஸ் பேரைச் சொல்லிக் கத்தினாரு. அதுல ரெண்டு பேரும் குழம்பிட்டாங்க."

இரண்டு பேரும் எமில் பக்கம் திரும்பினார்கள்.

"ஆமா," என்றான் லாஸ்லோ. "ரேடியோவுலயே கேட்டுச்சு, அந்தக் கிழவன் கொரல்."

"எனக்கும் கேட்டுச்சு," என்றான் ஓட்டிஸ். "கரகரன்னு."

"அதுக்கப்புறம் ஜனங்க போட்ட கூச்சல்!" என்றான் எப்போதும் வாயே திறக்காத தையல்காரன் ஹெர்மன். "எங்க நாய் எழுந்து குரைச்சுது."

லாஸ்லோ தன் சாசேஜில் பாதியை ஓட்டிஸிடம் நீட்டினான். ஹாலோரனைத் தொலைத்துக்கட்டினால் இந்த வருஷமே கோப்பை நமக்குத்தான் என்று இரண்டு கட்சிகளும் ஒன்றாயின. க்ரேன் எழுந்து நின்று அணி முதலாளிக்கு ஒரு கடிதம் எழுதலாம் என்றார். சும்மா குப்பைக் கூடைக்குப் போகிற கடிதம் இல்லை. அவர் மச்சினி முதலாளியின் ஆபீசில் காரியதரிசி. நேராக மேஜைக்குப் போகும்.

"ஏற்கெனவே அந்த ஆள் நாற்காலி ஆடிக்கிட்டிருக்கு. நாம தட்டுனா விழுந்துரும். எமில், சாட்சி நீ. முதல் கையெழுத்து உன்னுது."

எமில் கையெழுத்துப் போட்டான். க்ரேன் கைப்பட எழுதிய கடிதத்தை, மேலே ஆபீசில் டைப் அடிக்கிற ப்ரூயிட் அம்மாளிடம் அனுப்பினார்கள்.

அதற்குப் பிறகு எமிலுக்கு ஊசி ஓடவில்லை. ஒரு மெத்தையில் பொத்தானைத் தலைகீழாக வைத்துத் தைத்தான். ஹாலோரனுக்கு அறுபத்து மூன்று வயது. போன வாரம் பேப்பரில் பேரக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சிரிக்கிற படம் வந்திருந்தது. தான் ஒரு வாரக் கூலிக்குப் பயந்ததில் அந்த மனுஷனுக்கு வேலையே போகப்போகிறது.

மூன்று மணிக்கு அவன் ஊசியை வைத்துவிட்டுத் தளத்தின் நடுவில் வந்து நின்றான்.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. நான் மேட்சே கேட்கல. தூங்கிட்டேன். அந்தப் பந்து, ரோலின்ஸ், ஹாலோரன் எல்லாமே நான் கட்டிவிட்ட கதை."

தையல் இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. க்ரேன் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"தூங்கினியா?"

"ஆமா சார். ஒரு வாரம் வீட்டுக்குப் போகச் சொன்னா போறேன். கடிதத்தைக் கிழிச்சிடுங்க."

"அதெப்படிக் கதையாகும்?" என்றான் லாஸ்லோ. "பந்து குதிச்சத நான் கேட்டேனே?"

"கிழவன் கத்தினது எனக்கு இன்னும் காதுல இருக்கு," என்றான் ஓட்டிஸ்.

"நாய் குரைச்சுதே!" என்றான் ஹெர்மன்.

"நான் சும்மா வாய்க்கு வந்ததச் சொன்னேங்க. சத்தியமா."

க்ரேன் அவன் தோளில் கை போட்டார். குரலில் கொஞ்சம் பரிதாபமும் இருந்தது. "நீ தூங்கினது உன் கேவலம் எமில். அத வேற கணக்குல பாத்துக்கலாம். இங்க பத்துப் பேர் ராத்திரியெல்லாம் கண்முழிச்சுக் கேட்டிருக்கோம். தூங்கினவன் வந்து, அது நடக்கலன்னு எங்களுக்குச் சொல்லாத."

பத்துத் தலைகளும் ஆடின. எமிலுக்கே சந்தேகம் வந்துவிட்டது. தன் வாயில் வந்ததெல்லாம் இரண்டாயிரம் மைலுக்கு அப்பால் நடந்திருக்கிறது என்றால், இனிமேல் எதையும் பார்த்துத்தான் பேச வேண்டும்.

அப்போது மாடிப்படியில் ப்ரூயிட் அம்மாள் இறங்கி வந்தாள். ஒரு கையில் டைப் அடித்த கடிதம், இன்னொரு கையில் அப்போதுதான் வந்த மாலைப் பேப்பர். இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு க்ரேனிடம் கேட்டாள்:

"நேத்து அங்க பேய்மழையாம், ஒரு பந்துகூடப் போடாமலே ஆட்டத்தை ரத்து பண்ணிட்டாங்கன்னு இதுல போட்டிருக்கு. கடிதத்துல தேதியை மாத்தி அடிக்கவா சார்?"