சாட்சி பாய் விசாரித்த உதை

சாட்சி பாய் அளவுக்கு எதையும் நம்பாத மனுஷர் இந்த உலகத்தில் இதுவரை பிறந்ததில்லை. சத்தியம் பண்ணியே சொல்லுவேன். ஆனால் சத்தியம் என்றாலே பாய்க்கு எரிச்சல் வரும். "சத்தியத்த வச்சு நாக்கா வழிக்கிறது? ரெண்டு சாட்சியக் கொண்டாய்யா" என்பார்.

புதுச்சேரியில் பத்திரப்பதிவு ஆபீஸுக்கு எதிர்வரிசையில் பத்திரம் எழுதுகிறவர் அவர். பக்கத்தில் என் ஜெராக்ஸ் கடை. இரண்டுக்கும் நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு, அவ்வளவுதான். அவருக்கும் வாப்பா வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதைப் பத்திரத்தின் அடியில் மட்டும் பார்க்கலாம். என்னை அவர் 'ஜெராக்சு' என்று கூப்பிடுவார். யாராவது புளுகினால் மட்டும் 'முசே', பிரெஞ்சில் 'ஐயா'. பிரெஞ்சுக்காரன் மூட்டை கட்டிக்கொண்டு போய் எத்தனையோ காலம் ஆச்சு, ஒருத்தரை மரியாதையாக மட்டம் தட்ட எங்க ஊருக்கு அந்த வார்த்தை இன்னும் தேவைப்படுகிறது. "அப்படியா முசே?" என்று பாய் மூக்குக்கண்ணாடியை இறக்கினால், எதிரில் இருக்கிறவர் பாதிக் கதையோடு எழுந்து போய்விடுவார்.

ஒரு நாள் அவர் மச்சான் ஓடிவந்து, "அம்மா மவுத்தாயிட்டாங்க மச்சான்" என்று கதறினார்.

"யாரு பாத்தது?"

"நான்தான் பாத்தேன்!"

"நீ ஒரு ஆளு. இன்னொருத்தரு?"

மச்சான் தலையில் அடித்துக்கொண்டார். பாய் அப்படிக் கேட்டாரே தவிர, கேட்கும்போதே ஒரு கை சட்டையில் நுழைந்துவிட்டது. ஆட்டோவில் போகும்போது வழியெல்லாம் அழுதார். மாமியார் மேல் அவருக்கு உயிர்.

இன்னொரு வருஷம், ரம்ஜான் முடியும் சாயங்காலம். பிறை பார்க்க எல்லாரும் மொட்டைமாடி ஏறியாச்சு. முதலில் பார்த்தவர் பாய்தான். ஆனால் வாயைத் திறக்கவில்லை. கீழேயிருந்து சம்சாரம், "தெரிஞ்சுதாங்க?" என்று கேட்க, "எனக்குத் தெரிஞ்சுது. அது போதாது. இன்னொரு கண்ணு வரட்டும்" என்றார். இன்னொரு கண் வருவதற்குள் மேகம் வந்துவிட்டது. அப்புறம் வேறு ஊரிலிருந்து செய்தி வந்துதான் எங்க தெருவில் பிரியாணிக்கு அடுப்பு மூட்டினார்கள். பெருநாள் அன்றைக்கு அவர் தட்டில் எலும்பு மட்டும் விழுந்ததாம். இதற்கு எனக்கு ஒரே சாட்சிதான், அதுவும் பாய்தான்.

தொழில் அப்படிப் பழக்கிவிட்டது. ஒரு மனையை எழுத நாலு எல்லை வேண்டும். கிழக்கே இன்னாருடைய வீடு, மேற்கே தெரு என்று எழுதியாக வேண்டும். பாய் அந்த நாலு எல்லையை எதற்கும் கேட்பார். என் குடை தொலைந்தபோது கேட்டார். எனக்கு முதுகு பிடித்துக்கொண்டபோதும் கேட்டார்.

இப்போது மாஸ்டர் விஷயத்துக்கு வருகிறேன். எழுதப் பிடிக்காமல்தான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தேன்.

மாஸ்டர், உழவர்கரையில் மொட்டைமாடியில் கராத்தே சொல்லிக்கொடுத்தவர். கீழ்வரிசையில் மூன்று பல் கிடையாது, தாடை ஒரு பக்கம் கோணல். புதிதாகச் சேருகிற பிள்ளைகள் முதல் நாள் அந்தத் தாடையைத் தொட்டுப் பார்க்க வேண்டும். "உசுரோட வாங்குன உதைடா இது. யாரு உதைச்சது தெரியுமா?" என்பார்.

உதைத்தது அந்தக் காலத்துச் சண்டை நடிகர் ஒருவர். பேர் வேண்டாம். ரசிகர்கள் இன்னும் இருக்கிறார்கள், என் கடையில் கண்ணாடிக் கதவு இருக்கிறது. விரலாலேயே தேங்காய் உடைப்பார், ஓடுகிற பஸ்ஸைக் காலால் நிறுத்தினார் என்று எங்க ஊர் முழுக்கப் பேச்சு. கனகசெட்டிக்குளம் கடற்கரையில் அவர் படப்பிடிப்பு நடந்தபோது, அடிவாங்குகிற எட்டுப் பேரில் ஒருவராக நம்ம மாஸ்டர் போயிருக்கிறார். நடிகர் பறந்து வந்து உதைத்த உதையில் மாஸ்டருக்கு நினைவு தப்பிவிட்டது. அந்தப் பறக்கும் உதை படத்திலும் வந்தது. தியேட்டரில் சில்லறையை வாரி இறைத்தார்கள். மாஸ்டர் அதற்கப்புறம்தான் வெறிபிடித்துக் கராத்தே கற்றுக்கொண்டு மாஸ்டர் ஆனார்.

நாற்பது வருஷம் ஓடிப்போச்சு. கிட்னி இரண்டும் கைவிட்டு, வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். அந்த நிலைமையில் அவர் மகன் ஒரு வீடியோவைக் காட்டி, "அப்பா, உங்க ஆளுக்குக் கராத்தேல 'க' கூடத் தெரியாதாம்ப்பா. எல்லாம் கயிறு, டூப்பு" என்று சிரித்திருக்கிறான். விளையாட்டாகத்தான் சொன்னான், பாவம். மாஸ்டருக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாளே கையில் பிளாஸ்திரியோடு ஆட்டோ பிடித்துப் பாயிடம் வந்துவிட்டார்.

"பாய், நீங்க விசாரிச்சு எழுதிக் குடுங்க. நீங்க எழுதுனா ஊரு நம்பும். அவரு நெஜமான சண்டைக்காரரா இல்லியான்னு போறதுக்குள்ள எனக்குத் தெரிஞ்சாவணும். அவர வச்சுதான் நான் மாஸ்டர். அவரு டூப்புன்னா நான் யாரு பாய்?"

பாய் வெகுநேரம் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். "எது நெஜமோ அதத்தான் எழுதுவேன் மாஸ்டர்" என்றார்.

"அதத்தான் கேக்குறேன்."

ஆரம்பித்தது ஐயா கூத்து! தேங்காய் உடைத்ததைக் கண்ணால் பார்த்தேன் என்ற டீக்கடைக்காரரை நிற்கவைத்துக் கேட்டார். "உரிச்ச காயா, உரிக்காத காயா? எந்தக் கை? கிழக்கே யாரு நின்னா?" பத்து நிமிஷத்தில் டீக்கடைக்காரர், பார்த்தது தன் சித்தப்பா என்றார். சித்தப்பாவைத் தேடிப் போனால், அவர் பார்த்தது போஸ்டரை. பஸ்ஸை நிறுத்திய கதைக்குச் சாட்சி ஒரு ரிட்டயரான கண்டக்டர். அவர் கொஞ்சம் நேர்மையானவர். "பஸ்ஸு நின்னுச்சு, அது நெஜம். ஆனா அவரு காலு வைக்கிறதுக்கு முன்னாடியே பிரேக்டவுன் ஆயி நின்னுருந்துச்சு" என்றார். பாய் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். ஒவ்வொரு கதையாக விழ விழ எனக்குச் சிரிப்பு வந்தது, பாய் முகம் மட்டும் இருண்டுகொண்டே போனது. அந்த ஒரு உதையாவது நிஜமாக இருக்க வேண்டுமே என்று அவருக்கும் ஆசை வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

கடைசியில் இரண்டு பேரும் பஸ் ஏறிக் கனகசெட்டிக்குளம் போனோம். படகு நிழலில் வலை பின்னிக்கொண்டிருந்தார் ஆறுமுகம் என்கிற பெரியவர். பக்கத்தில் அவர் சம்சாரம் மீன் காயவைத்துக்கொண்டிருந்தார். படப்பிடிப்பு அன்றைக்கு இருவருமே அங்கே இருந்தவர்கள். இரண்டு சாட்சி!

"அவரு பறந்து உதைச்சத நீங்க பாத்தீங்களா?" என்றார் பாய்.

ஆறுமுகம் சம்சாரத்தைப் பார்த்தார். அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"உதைச்சாரா? அட நீ ஒண்ணு பாய்! நண்டு புடிச்சிடுச்சு அந்த ஆள!"

"நண்டா?"

"ஆமா பாய்" என்றார் ஆறுமுகம். "நல்ல பெரிய நண்டு. கால் வெரல்ல கவ்விக்கிச்சு. 'ஐயோ அம்மா'ன்னு எகிறுனாரு பாரு, ஒரு ஆள் ஒசரம். வுழும்போது இன்னொரு கால் எதிர்க்க நின்ன பையன் தாடையில போயி இடிச்சிடுச்சு. கேமரா ஓடிக்கிட்டே இருந்துச்சு. நல்லாருக்குன்னு அதையே வச்சுக்கிட்டாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் என்னா? அந்த ஆளு போலீசு வந்துடுமோன்னு கார்ல ஏறிக் கதவச் சாத்திக்கிட்டாரு. அடிபட்ட பையன நாங்க நாலு பேரு வலையில போட்டுத் தூக்கிக்கினு ஓடுனோம். பொழைச்சானா பாய் அந்தப் பையன்?"

"இருக்காரு" என்றார் பாய்.

திரும்பும்போது காலாப்பட்டில் காலேஜ் பிள்ளைகள் ஏறி, பஸ் ஒரே கும்மாளம். பாய் ஜன்னலைப் பார்த்தபடி, "ஏன் ஜெராக்சு, நம்ம போவாமயே இருந்துருக்கலாம் இல்ல?" என்றார். எத்தனை வருஷப் பழக்கம்! ஒரு விஷயம் தெரியாமலே இருந்திருக்கலாம் என்று அந்த வாய் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன்.

இருந்தாலும் எழுதினார். கிழக்கே கடல், மேற்கே கேமரா, வடக்கே டீ அண்டா, தெற்கே ஆறுமுகத்தின் படகு, இந்த நான்கெல்லைக்கு உட்பட்ட மணலில், மேற்படி நண்டு மேற்படி நடிகரின் இடது கால் விரலைக் கவ்வியதால், மேற்படி நடிகர் பயந்து எகிறி, என்று போனது. ஒரே பக்கம். ஜெராக்ஸ் எடுத்தவன் நான். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது, அது சிரிப்பால் மட்டும் வந்ததில்லை.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மாஸ்டர் பாதியாக இளைத்திருந்தார். நாங்கள் வருவதைப் பார்த்ததும் மகனைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். பாய் காகிதத்தை எடுத்து வாசிக்க ஆரம்பித்தார். கடல், கேமரா, அண்டா, படகு. மாஸ்டர் ஒவ்வொன்றுக்கும், "கரெக்ட்டு, கரெக்ட்டு" என்று தலையாட்டினார்.

"...உட்பட்ட மணலில், மேற்படி..."

பாய் நிறுத்தினார். மாஸ்டர் கண் இமைக்காமல் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாய் காகிதத்தைத் திருப்பினார். பின்பக்கத்தில் ஒன்றும் கிடையாது, வெறும் வெள்ளை. அதைப் பார்த்து நிதானமாக வாசித்தார்.

"மேற்படி நடிகர் ஆறடி தூரம் ஓடிவந்து, ஓர் ஆள் உயரம் எழும்பி, கயிறோ டூப்போ இல்லாமல் தன் சொந்தக் காலால் உதைத்தது உண்மை. அவர் நிஜமான சண்டைக்காரர்தான் என்பதும் உண்மை."

மாஸ்டர் மகனைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் என்னத்தைச் சொல்ல! மகன் தலையைக் குனிந்துகொண்டு, "சாரிப்பா" என்றான்.

அதோடு முடிந்திருக்கலாம். மாஸ்டர் மெதுவாகக் கேட்டார், "பாய், எனக்கு நெனப்பு தப்பிடுச்சு. என்னைத் தூக்குனது யாரு?"

"அவரேதான்."

"அவரா? தோள்ல போட்டா?"

"தோள்லதான்."

"எந்தத் தோள்ல?"

"வலது தோள். மேற்கே பாத்து நடந்தாரு" என்றார் பாய். பொய் சொன்னாலும் திசை இல்லாமல் அவருக்குச் சொல்ல வராது.

மாஸ்டர் கோணல் தாடையைத் தடவிக்கொண்டு அழுதார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சாட்சிக் கையெழுத்து?" என்றார். அவருக்குப் பாயைத் தெரியாதா? பாய் பேனாவை எடுத்து, அந்த வெள்ளைப் பக்கத்திலேயே தன் பெயரைப் போட்டார். பிறகு என்னைப் பார்த்தார். நானும் போட்டேன். காகிதத்தை நாலாக மடித்து மாஸ்டர் சட்டைப்பையில் பாயே வைத்தார். அதைப் பிரித்துப் படிக்கிற அளவுக்கு மாஸ்டர் கண்ணில் பார்வை மிச்சமில்லை. மகன் பின்னால் படித்திருப்பான். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, நல்ல பிள்ளை. ஐந்தாம் நாள் மாஸ்டர் போய்விட்டார்.

கையெழுத்துப் போட்ட அன்றைக்கு வார்டை விட்டு வெளியே வந்ததும் பாய் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். "ஜெராக்சு, மேல போனா கேப்பாங்க. நான் பாத்த பார்வைக்குத்தான் அவன் கையெழுத்துப் போட்டான்னு சொல்லிடுறேன். உன்ன இழுக்க மாட்டேன்" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

போன ஐப்பசி மழையில் பாயும் போய்ச் சேர்ந்தார். கபர்ஸ்தானில் குடையை மடக்கிவிட்டு நானும் மூன்று பிடி மண் போட்டேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் இப்போது ஒரு மொபைல் கடை. நான் என்ன சொன்னாலும் உடனே நம்புகிறார்கள், பேசவே பிடிக்கவில்லை.

மேலே எப்படி விசாரிப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் கேட்டால் என்னையும் இழுங்க பாய். தனியா நின்னு பதில் சொல்லாதீங்க.