தென்கரை எஃப்.எம். சரித்திரமும் லோஷினியின் அத்தை பேரும்

பெர்மாஸ் ஜெயா,
ஞாயிறு.

பெருமதிப்பிற்குரிய தங்கை கிருஷ்ணம்மாவுக்கு அண்ணன் கமலநாதன் எழுதுவது. இங்கு என் முழங்காலைத் தவிர அனைவரும் சுகம். அங்கு நீயும் மாப்பிள்ளை செல்லப்பனும் கெலாங் பாத்தா துணிக்கடையும் குறைவின்றி இருக்க அம்மன் துணை. நீ என்னை வாட்ஸ்அப்பில் ப்ளாக் செய்து ஒன்பது ஆண்டுகள் ஆகிவிட்டபடியால், தபால்தலை வாங்கி இதை எழுதுகிறேன். பார்த்தவுடன் கிழித்துவிடாதே. உன் கோபத்தைப் பற்றிப் புதிய ஆதாரம் கிடைத்திருக்கிறது.

விவரம் என்னவென்றால், நம்ம தென்கரை எஃப்.எம். வானொலிக்கு இந்த வருஷம் பதினைந்து வயது. மேனேஜர் அமண்டா என்னைக் கூப்பிட்டு, "அங்கிள், தினமும் ஃபோன் போடுறவரு நீங்கதான், எங்க சரித்திரத்தை எழுதிக் குடுங்க" என்றாள். ஃபேக்டரியிலிருந்து ரிட்டையர் ஆனவனுக்கு வேறென்ன வேலை? நோட்டுப் புத்தகத்தோட போய் உட்கார்ந்துட்டேன். தோண்டத் தோண்ட ஆச்சரியம் தாங்கலை, கிருஷ்ணம்மா! ஆரம்பத்துல ஸ்டேஷன் ஒரு பல் டாக்டர் கிளினிக்குக்கு மேல் மாடியில இருந்துச்சாம். சத்தம் வராம இருக்க சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டியிருக்காங்க, அப்படியும் கீழே பல்லைக் குடைஞ்சா மேலே செய்தியில ஙொய்ன்னு கேட்குமாம். ஒருத்தரும் புகார் பண்ணலையே, ஏன்னு கேட்டேன். செய்திக்குப் பின்னணி இசைன்னு நினைச்சாங்களாம்! செய்தி வாசிச்சது, பாட்டு போட்டது, விளம்பரத்துக்குக் குரல் குடுத்தது, நடுவுல ஓடிப்போய் கோப்பி வாங்கிட்டு வந்தது எல்லாம் திமோத்தின்னு ஒரே ஆளு. ஆன்டெனாவும் அரைகுறைதான், கெலாங் பாத்தாவுல அடுப்படி ஜன்னல்கிட்ட நின்னாத்தான் கேட்கும்.

நீயும் அப்படித்தானே நின்னே, என் மக லோஷினியோட பதினாறாவது பிறந்தநாளன்னிக்கு? நான் ஸ்டேஷனுக்கு ஃபோன் போட்டு, வாழ்த்துறவங்க பேரையெல்லாம் வரிசையா சொன்னேன். அம்மா, மாமா, மாமி, பக்கத்து வீட்டு ஐயாசாமி வரைக்கும் வந்துச்சு, அத்தை பேரு வரலை. "மருமகளுக்கு நான் அத்தையா, இல்ல ரோட்டுல போறவளா"ன்னு அழுதுட்டு நீ வெச்ச ஃபோன்தான், அப்புறம் எடுக்கவே இல்ல. நான் சொன்னேன், சொன்னேன்னு தலையில அடிச்சுக்கிட்டாலும் யாரு நம்புறா!

இப்ப கேளு. அமண்டா பழைய மைலோ டின் ஒண்ணைத் திறந்தா, உள்ளே அந்த நாள் பதிவு இருக்கு. போட்டுக் கேட்டோம். ஐயாசாமின்னு நான் சொன்னவுடனே திமோத்தி கை தவறி விளம்பரப் பொத்தானை அமுக்கியிருக்கான். "தங்காக் ஜவுளிக்கடை விலையில் பட்டுப்புடவை, வாங்க கெலாங் பாத்தாவுக்கு!" அலமாக்! யாரோட விளம்பரம்? உன் கடை விளம்பரம்! அது முடியும்போது நான் நன்றி வணக்கம் சொல்லிக்கிட்டிருக்கேன். ஆக, உன் பேரை முழுங்கினது உன் விளம்பரம்தான். நான் நிரபராதி. சரித்திரத்துல மூணாம் அத்தியாயமா இதையே எழுதிட்டேன்.

வர்ற மாசம் லோஷினிக்குக் கல்யாணம். அத்தை வராம மணவறையில உட்கார மாட்டேன்னு ஒத்தைக் கால்ல நிக்கிறா. உண்மை தெரிஞ்சிடுச்சே, இனி என்ன கோபம்? மாப்பிள்ளைக்கு என் வணக்கங்கள், உன் பிள்ளைகளுக்கு என் ஆசிகள், உனக்கு ரெண்டும்.

இப்படிக்கு,
குற்றமற்ற அண்ணன்,
கமலநாதன்

பி.கு.: கவரை ஒட்டப் போறப்போ திமோத்தி வந்தான். ஃபோன்ல பேசுனதை மட்டும் தனியா பதிவு பண்ணி வெச்சிருந்தானாம், விளம்பரம் கலக்காம. கேட்டேன். ஐயாசாமிக்கு அப்புறம் கோழிக்கடை ராஜசேகரன் பேரு இருக்கு, லிஃப்ட் ரிப்பேர்காரர் இருக்காரு, எங்க வீட்டுப் பூனைகூட இருக்கு. நீ இல்லம்மா. மறந்தே போயிருக்கேன். கடிதத்தைக் கிழிச்சிடலாம்னு பார்த்தேன், "அத்தைகிட்ட அப்படியே அனுப்புங்கப்பா, இல்லன்னா நான் சொல்லிடுவேன்"னு லோஷினி பக்கத்துலயே நிக்கிறா. ரொம்ப வெட்கமா இருக்கு, தங்கச்சி. மன்னிச்சிடு. அடுத்த ஞாயிறு காலைல பத்து மணிக்கு ஸ்டேஷனுக்கு ஃபோன் போடுறேன், ஒரே ஒரு பேருதான் சொல்லப் போறேன். அடுப்படி ஜன்னல்கிட்ட நில்லு. அந்த நேரத்துல விளம்பரம் மட்டும் குடுத்துடாதே லா.