சிசிலியன் பார்க்காத ஆட்டம்

உலகச் சதுரங்க வீரர்களை அதிகம் தோற்கடித்தவர் யார் என்று கேட்டால் தயங்காமல் சொல்வேன்: ஜார்ஜ்டவுனில் ஏர்கோன் பழுது பார்க்கும் ஒருவர். அவர் எந்தப் போட்டியிலும் கலந்துகொண்டதில்லை. எங்கள் பாய் கடையில் கோப்பி குடித்தபடி தொலைக்காட்சியை நிமிர்ந்து பார்த்தார். அதுவே போதுமானதாக இருந்தது.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். எங்களுக்கு அவர் சிசிலியன். கறுப்புக் காய்க்காரர் ஆட்டத்தைத் தொடங்கும் ஒரு முறைக்கு அந்தப் பெயர். வெள்ளை ஒரு சிப்பாயை நடுவில் தள்ளினால், நேர் எதிரே நிற்காமல் பக்கத்திலிருந்து ஒரு சிப்பாயை நீட்டி வம்புக்கு இழுப்பது. நம்மவர் இதை வாழ்க்கைக்கும் பயன்படுத்தினார். "ஏர்கோன்ல தண்ணி சொட்டுது" என்று யாராவது புகார் செய்தால், "முதல்ல உங்க ஜன்னலப் பாருங்கக்கா, எப்படித் தொறந்து கெடக்கு!" என்பார். அந்த அக்கா ஜன்னலுக்காக மன்னிப்புக் கேட்டு, தேநீரும் கொடுத்து அனுப்புவார்.

ஆபத்து அவருடைய ஆதரவில் இருந்தது. அவர் யாரை விரும்பினாரோ அவர் தோற்றார். ஒரு முன்னாள் சாம்பியன் வெற்றியின் வாசலில் நின்ற வேளையில் நம்மவர் ஹெல்மெட்டோடு கடைக்குள் நுழைந்தார்.

"அலாமாக்! குதிரை எங்க உக்காந்திருக்கு பாருங்க சார், கல்யாண மாப்பிள்ள மாதிரி!"

அவர் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் மாப்பிள்ளையை வெட்டிவிட்டார்கள். இன்னொரு தொடரில் அவர் மனமார வாழ்த்திய முன்னணி வீரர், காய்ச்சல் கண்டு ஊர் திரும்பினார்.

"சுவே லா சார், இவரு," என்றான் குணா. பாயான் லெப்பாஸ் ஆலையில் சூப்பர்வைசர். துரதிர்ஷ்டத்துக்கு நம் ஊர்ச் சீனர்கள் சொல்லும் சொல்தான் சுவே. குணா அதைத் தரச் சோதனை முத்திரை போலக் குத்துவான்.

நான் இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். காரணம் இல்லாமல் காரியம் இல்லை என்று ஒரு தலைமுறையின் தலையில் குட்டிச் சொன்னவன். ஆகவே குணாவின் கருத்தை அறிவியல் முறைப்படி சோதிக்கத் தீர்மானித்தேன். அடுத்த ஆட்டத்தில் எங்களுக்குப் பிடித்த வீரரை விட்டுவிட்டு அவருடைய எதிராளியை ஆதரிக்கும்படி சிசிலியனைக் கேட்டுக்கொண்டோம். அவரும் பெருந்தன்மையோடு எதிராளியை வாய்நிறைய வாழ்த்தினார். கண் மட்டும் எங்கள் ஆளையே பார்த்துக்கொண்டிருந்தது. எங்கள் ஆள் தோற்றார். சோதனை மகத்தான வெற்றி.

அப்புறம் அந்த உலகப் பட்டப் போட்டி வந்தது. ஓர் இளைஞனை நாங்கள் 'நம்ம பையன்' என்று சொந்தம் கொண்டாடினோம். இந்த உறவு அவனுக்குத் தெரியாது. கடைசி ஆட்டம்வரை அவனும் நடப்புச் சாம்பியனும் சமநிலை. அன்று மாலை பாய் காற்பந்தை நிறுத்திச் சதுரங்கம் வைத்தார். அவர் கடை வரலாற்றில் இதற்கு இணையான தியாகம் இல்லை.

சிசிலியன் வேலைக்குப் போகவில்லை. இஸ்திரி போட்ட சட்டையில், முதல் ஆளாக வந்து தொலைக்காட்சிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தார்.

"எத்தன வருஷமாப் பாக்கறேன் சார். நான் ஆசப்பட்ட ஆளு ஒருத்தன்கூட ஜெயிச்சு நான் பாத்ததில்ல. இன்னிக்கு இந்தப் பையன் ஜெயிக்கிறத என் கண்ணால பாத்துடணும். அது போதும்."

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அடுத்து நடந்ததற்குக் குணாவின்மேல் பழி போட எனக்கு மிகவும் ஆசை. ஆனால் யோசனை என்னுடையது.

"தம்பி, இவ்வளவு பெரிய ஆட்டம். சாமிகிட்ட ஒரு வார்த்த சொல்ல வேணாமா? தண்ணீர்மலைக்குப் போயி பையன் பேருக்கு ஒரு அர்ச்சன செஞ்சிட்டு வந்துடுங்களேன்."

"இப்பவா சார்? முட்டி வேற வலிக்குது..."

"முட்டிய முருகன் பாத்துக்குவாரு."

"போயிட்டு வாங்கண்ணே, நானும் துவா செய்றேன்," என்று பாய் மத நல்லிணக்கத்தை நிலைநாட்டினார்.

அந்தக் கோயிலுக்குப் போகாதவர்களுக்காகச் சொல்கிறேன்: முருகன் உச்சியில் இருக்கிறார். படியேறிப் போகும் முழங்கால் இறங்கும்போது நம் சொல் கேட்காது. சிசிலியன் எழுந்து, மோட்டோர் சைக்கிளை உதைத்துக் கிளப்பி, "ஏதாச்சும் ஆச்சுன்னா போன் அடி குணா," என்றார்.

"கண்டிப்பாண்ணே!" என்றான் குணா. அடிக்கவில்லை.

அவர் போன கொஞ்ச நேரத்தில் எதிராளி அவசரப்பட்டு ஒரு சிப்பாயைத் தள்ளினார். நம்ம பையன் அதை மன்னிக்கவில்லை. பட்டம் கைமாறியது. கடை அதிர்ந்தது. நான் நடனமாடியதாகச் சொல்கிறார்கள். என் வயதில் அதை நடனம் என்பது தாராள மனம்.

கொண்டாடி முடித்து, பாய் காற்பந்துக்கு மாற்றிய பிறகுதான் சிசிலியன் வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஒரு காலை இழுத்து இழுத்து நடந்து எங்கள் நெற்றியில் திருநீறு பூசினார். பாய்க்குப் பிரசாதத்திலிருந்து ஒரு வாழைப்பழம்.

"முடிஞ்சிருச்சா?"

"நம்ம பையன்தாண்ணே!" என்றான் குணா, தரையைப் பார்த்து.

"நான் மேல கும்பிட்டுட்டு இருந்தப்பவா?"

"ஆமாண்ணே."

"அப்ப சரி," என்று சிரித்தார். பிறகு முட்டியைத் தடவிக்கொண்டிருந்தார்.

அவரைத் தந்திரமாக அனுப்பியது தவறு. இதை அழகாகச் சொல்ல எனக்குத் தெரிந்த தமிழில் வழியில்லை. அன்று மன்னிப்புக் கேட்பதற்குப் பதில், பாயிடமிருந்து சதுரங்கப் பலகையை வாங்கி அவர் முன்னால் வைத்தேன்.

"உக்காருங்க தம்பி. ஆட்டத்த முதல்லேருந்து காட்டறேன்."

குணா போனைப் பார்த்து நகர்வுகளைப் படிக்க, நான் காய்களை நகர்த்தினேன். சிசிலியன் பலகையின் மேல் கவிழ்ந்துகொண்டார். "தொடக்கத்துலயே சண்டைக்குப் போயிருக்கலாம் லா," என்று புதுச் சாம்பியனையும் கண்டித்தார். அந்த அவசரச் சிப்பாய் தள்ளப்பட்டதும் சட்டென்று எழுந்து, நாற்காலியைத் திருப்பிப் போட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டார்.

"என்ன தம்பி?"

"நீங்க ஆடுங்க சார். நான் பாக்கல. பையன் ஜெயிக்கட்டும்."

"அண்ணே, அது முடிஞ்சுபோன ஆட்டம்ணே!"

"இருக்கட்டும் லா. எதுக்கு வம்பு?"

ஒரு காயை எடுத்தேன். வைக்க முடியவில்லை. குணாவிடம் கொடுத்துவிட்டு, என் நாற்காலியையும் இழுத்துப்போய் அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டேன். மீதி ஆட்டத்தைக் குணா ஆடினான். நாங்கள் இருவரும் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தோம், பையன் ஜெயிக்கும்வரை.